போர்ட்ஸ்மவுத் கால்பந்துக் கழகத்துக்கு: 1927-ஐ முழுதாகக் கொண்டாடுங்கள்

போர்ட்ஸ்மவுத் கால்பந்துக் கழக நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 2027 மே 7ஆம் தேதியோடு, உங்கள் அணி முதன்முறையாக முதல் டிவிஷனுக்கு, அதாவது அன்றைய இங்கிலாந்து லீக்கின் உச்ச அடுக்குக்கு, ஏறி நூறு ஆண்டு நிறைகிறது. விழா எடுப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த விழாவில் எந்தக் கதையைச் சொல்லப் போகிறீர்கள் என்பதுதான் என் கவலை.

வழக்கமாகச் சொல்லும் கதை இதுதான். 1926-27 சீசனின் கடைசி நாள். இரண்டாம் டிவிஷனில் மிடில்ஸ்பரோ ஏற்கெனவே வெகுதூரம் போய்விட்டது. மேலே ஏற இன்னும் ஒரே ஓர் இடம்தான். அதற்குப் போட்டி நீங்களும் மான்செஸ்டர் சிட்டியும். சிட்டி தன் மைதானத்தில் பிராட்ஃபோர்டு சிட்டியை 8-0 என்று நொறுக்கியது. உங்கள் மைதானமான ஃப்ராட்டன் பார்க்கில் ஆட்டம் கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. அங்கே நீங்கள் பிரெஸ்டனை 5-1 என்று வென்றீர்கள். இருவருக்கும் 54 புள்ளிகள். கோல் சராசரியில், அதாவது போட்ட கோலை வாங்கிய கோலால் வகுத்து வரும் எண்ணில், ஒரு கோலில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் நீங்கள் மேலே போனீர்கள். கேட்டவர்கள் எல்லோரும் 'அடேயப்பா, என்ன அதிர்ஷ்டம்' என்பார்கள். அத்தோடு கதையை முடித்துவிடுவார்கள்.

அந்த 'அதிர்ஷ்டம்' என்ற சொல்லை உங்கள் விழா மேடையில் யாரும் சொல்லக்கூடாது என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சீசன் முழுக்க நீங்கள் போட்ட கோல் 87, வாங்கியது 49. வகுத்தால் 1.7755. சிட்டி போட்டது 108, வாங்கியது 61. அது 1.7705. சிட்டி அன்று ஒன்பதாவது கோலையும் போட்டிருந்தால் அவர்கள்தான் மேலே. நீங்கள் ஐந்தாவது கோலைப் போடாமல் 4-1 என்று முடித்திருந்தாலும் அவர்கள்தான். இதுவரை பலருக்கும் தெரியும். பிரெஸ்டன் இரண்டாவதாக ஒரு கோல் போட்டு அது 5-2 ஆகியிருந்தால்? 87-ஐ 50-ஆல் வகுத்தால் 1.74. அப்போதும் நீங்கள் கீழேதான். ஐந்து கோல் போட்ட முன்வரிசையைப் பற்றி நூறு ஆண்டாகப் பேசியாகிவிட்டது. அந்த இரண்டாவது கோலை விழவிடாமல் நின்ற பின்வரிசையைப் பற்றி யார் பேசினார்கள்?

இதைக் கடைசி நாளோடு நிறுத்தவும் முடியாது. 42 ஆட்டங்களில் எந்த ஆட்டத்தில் ஒரு கோல் கூடுதலாக வாங்கியிருந்தாலும் விடை இதேதான். செப்டம்பரிலோ நவம்பரிலோ, வெற்றி உறுதியான பிறகும் சோம்பாமல் பந்தை வெளியே அடித்த ஒருவரின் உழைப்பு அந்த 49-க்குள் இருக்கிறது.

அது எப்படிப்பட்ட காலம் என்பதையும் சொல்ல வேண்டும். 1925-இல் ஆஃப்சைடு விதியை மாற்றினார்கள். அதுவரை முன்னால் நிற்பவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு இரண்டு பேர் போதும் என்று ஆனது. இங்கிலாந்து முழுக்க கோல் மழை. மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் அந்த ஒரே சீசனில் லீக்கில் 59 கோல் போட்டார். அவர் அணி மொத்தம் 122. அப்படிப்பட்ட வருடத்தில், சாம்பியனான மிடில்ஸ்பரோவே 60 கோல் வாங்கியபோது, நீங்கள் வாங்கியது 49. இதில் எங்கே இருக்கிறது அதிர்ஷ்டம்?

உங்கள் முன்வரிசை ஆட்டக்காரர் பில்லி ஹெயின்ஸைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த சீசனில் லீக்கில் அவர் போட்ட 40 கோல் உங்கள் கிளப் சாதனையாக அறுபது ஆண்டுக்கு மேல் நின்றது. 1992-93-இல் கை விட்டிங்ஹாம் 42 போட்டுத்தான் அதைத் தாண்டினார். ஹெயின்ஸுக்கு என்ன மரியாதை செய்தாலும் தகும். பக்கத்தில் அந்த 49-க்கும் ஓர் இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அப்புறம், ஜான் மெக்கார்ட்னி. உங்கள் இன்றைய இளம் ரசிகர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? நீங்கள் 1920-இல் லீக்குக்குள் வந்தபோது மேனேஜராக வந்தவர். நான்கே ஆண்டில் மூன்றாம் டிவிஷன் தெற்குப் பிரிவில் சாம்பியன். அடுத்த மூன்று ஆண்டில் முதல் டிவிஷன். மூன்றாம் டிவிஷனிலிருந்து கிளம்பி முதல் டிவிஷன் வரை ஏறிய முதல் கிளப் நீங்கள்தான், அதைச் செய்து காட்டியவர் அவர்தான். அதற்கு முன் எடின்பரோவின் ஹார்ட்ஸ் அணியை நடத்திவந்தார். 1914-இல் முதல் உலகப் போருக்கு அந்த அணியின் ஆட்டக்காரர்கள் கூட்டமாகப் பெயர் கொடுத்துவிட்டுப் போனார்கள். பலர் திரும்பி வரவில்லை. தான் கட்டிய அணியைப் போருக்குப் பறிகொடுத்த மனிதர், கடற்படைத் தளமுள்ள உங்கள் ஊருக்கு வந்து இன்னோர் அணியைக் கட்டினார். அது முதல் டிவிஷனுக்கு ஏறிய அதே 1927-இல் பொறுப்பிலிருந்து விலகினார். ஜாக் டின் அவர் இடத்துக்கு வந்தார். 1939-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற மேனேஜர் என்பதால் டின்னின் பெயர் நிலைத்துவிட்டது. தான் ஏற்றிவிட்ட டிவிஷனில் ஓர் ஆட்டம்கூட நடத்தாத மெக்கார்ட்னிக்கு, நூற்றாண்டிலாவது முதல் மரியாதை கிடைக்க வேண்டும்.

இதற்குப் புதிதாக மண்டபம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஃப்ராட்டன் பார்க்கின் தெற்கு கேலரி 1925-இல் ஆர்ச்சிபால்ட் லீச் வடிவமைத்தது. பிரெஸ்டன் ஆட்டம் நடந்த அன்று அது இரண்டு வயதுக் கட்டடம். அந்த கேலரியின் சுவரில், சிறுவர்களின் கண் உயரத்துக்கு, 1926-27 இரண்டாம் டிவிஷன் புள்ளிப்பட்டியலின் முதல் மூன்று வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வெற்றி, டிரா, தோல்வி, போட்டது, வாங்கியது எல்லாம் இருக்கட்டும். சராசரி இருக்க வேண்டிய கட்டத்தை மட்டும் காலியாக விடுங்கள். ஆட்டம் பார்க்க வரும் பிள்ளைகள் அங்கேயே நின்று வகுத்துப் பார்க்கட்டும். 49-ஐ 50 ஆக்கினால் என்ன ஆகும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழிக்கும் இன்றைய கோல் வித்தியாச முறையில் சிட்டிதானே ஏறியிருக்கும் என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். அவர்களுக்கு 47, உங்களுக்கு 38. இதை மறைக்காமல் நீங்களே எழுதி வையுங்கள். அன்று அமலில் இருந்த முறை கோல் சராசரி, அது இரண்டு அணிகளுக்கும் சீசன் தொடங்கும் முன்பே தெரியும். லீக் அதை மாற்றியது 1976-இல்தான். 2017-இல் கடைசி நாளன்று செல்டன்ஹாமை 6-1 என்று வென்று, பிளிமத்தைக் கோல் வித்தியாசத்தில் முந்தி, நான்காம் அடுக்கின் கோப்பையைத் தூக்கினீர்களே, அந்த முறையிலும் ஜெயித்துக் காட்டிய அணிக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? அப்போது கிளப் ரசிகர்களின் கையில் இருந்தது. அந்த மே மாதத்தையும் 1927 மே மாதத்தையும் ஒரே மேடையில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. மான்செஸ்டர் சிட்டியை அழையுங்கள். 108 கோல் போட்டும் கீழேயே நின்ற அணி அது. மனம் தளராமல் அடுத்த ஆண்டே சாம்பியனாகி மேலே வந்தார்கள். 1934-இல் வெம்ப்ளி இறுதியாட்டத்தில் உங்களை 2-1 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையையும் கொண்டுபோனார்கள். அவர்களுக்கும் 1927 ஒரு பெரிய வருடம்தான். இரண்டு கிளப்பின் இளையோர் அணிகளும் விழா நாளன்று ஃப்ராட்டன் பார்க்கில் ஓர் ஆட்டம் ஆடட்டும். நுழைவுக் கட்டணத்தைப் பிள்ளைகளும் கப்பல்துறைத் தொழிலாளர் குடும்பங்களும் தாங்கும்படி வையுங்கள். பெரிய கிளப்புகளின் நாட்காட்டி சீக்கிரம் நிரம்பிவிடும். அதனால் அழைப்புக் கடிதத்தை இப்போதே அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
தமிழ் பேசும் பாம்பி (போர்ட்ஸ்மவுத்தின் செல்லப்பெயர்) ரசிகன் ஒருவன்