தாடியும் தொட்டியும்

சிவமயம்

குவைத்

அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் வணக்கம். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாதது என் தப்புத்தான்.

பழநிக்கு வேண்டி வளர்த்த தாடியை ஏன் எடுத்தாய் என்று ஆத்தா கேட்டிருக்கிறீர்கள். இங்கே நான் வேலை பார்க்கும் எண்ணெய்க் கிணற்றில் எண்ணெயோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷ வாயுவும் வரும். முகமூடி மாட்டும்போது இரண்டு நாள் முள்தாடி இருந்தாலே ரப்பர் விளிம்பு கன்னத்தில் ஒட்டாது, இடுக்கில் வாயு புகுந்துவிடும். முருகன் பொறுத்துக்கொள்வான்.

அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் மூக்கை நம்ப முடியாது. காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு சேர்ந்தாலே சில நிமிடத்தில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டதென்று ஆள் அங்கேயே நிற்பான். 1000 பங்கென்றால் ஒன்றிரண்டு மூச்சில் சாய்ந்துவிடுவான். அதனால் வாயுவை அளக்கும் சின்ன மீட்டர் கருவியை நெஞ்சில் குத்தியிருப்போம். 10 பங்கிலேயே கத்தும். தினமும் காலையில் சோதனை வாயுவைக் காட்டி, கத்துகிறதா என்று பார்த்துத்தான் மாட்டுவோம். ராத்திரி பாலைவனக் குளிருக்குக் கோட்டின் ஜிப்பை மேலே இழுப்போம். மீட்டர் உள்ளே மாட்டிக்கொண்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. கத்தினால், காற்றின் திசையைக் காட்டும் துணிப்பையைப் பார்த்து, குறுக்கே விலகி, காற்று வரும் பக்கமாக மேட்டுக்குப் போக வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும்.

பக்கத்துக் கட்டில் மலையாளி அண்ணன் தூங்கும்போதும் மீட்டரைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். மெஸ் சாப்பாடு நன்றாகவே இருக்கிறது. கவுனி அரிசியில் தேங்காய்ப்பூ போட்டு, வளவுத் திண்ணையில் உட்கார்ந்து... சரி, விடுங்கள்.

நம் வீட்டு மூன்றாங்கட்டுக்குப் பின்னால் கழிவுத் தொட்டி நிறைந்துவிட்டது, ஆளை இறக்கப்போகிறேன் என்று அண்ணன் எழுதியிருக்கிறான். வேண்டவே வேண்டாம். அதே வாயுதான் அங்கேயும். கழிவு மேலே அடையாகக் கட்டியிருக்கும். கம்பு விட்டுக் கலக்கினால் அடியில் அடைந்த வாயு மொத்தமாகக் கிளம்பும். மூடியைத் திறந்து ராத்திரி பூரா விட்டாலும் போகாது. விளக்கு இறக்கிப் பார்க்கவும் கூடாது: மீத்தேன் என்ற எரியும் வாயு இருந்தால் பற்றிக்கொள்ளும், விளக்கு அணையாமல் எரிந்தாலும் விஷம் இல்லை என்று அர்த்தமில்லை. ஒருத்தன் விழுந்தால் தூக்க இறங்குகிறவனும் விழுவான். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். காரைக்குடியிலிருந்து உறிஞ்சும் லாரி வரட்டும். பின்சந்து வழியாகக் குழாய் எட்டாவிட்டால் இணைப்புக் குழாய் கேட்கச் சொல்லுங்கள். முடியும்வரை பீடி வேண்டாம், பிள்ளைகள் பின்பக்கம் வர வேண்டாம்.

லாரிக்கூலியை இருபதாம் தேதிக்கு மேல் அனுப்புகிறேன். இந்த மாதம் ஓவர்டைம் குறைவு, வேறொன்றுமில்லை. தங்கச்சி கல்யாணத்துக்குக் கோயில் மாலைக்குச் சொல்லியாயிற்றா? பங்காளி வீடுகளில் யார் யாருக்கு இன்னும் சொல்லவில்லை என்று எழுதுங்கள்.