கோடையில் சாமந்தி கேட்டு வரும் உங்களுக்கு, நர்சரியிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏறத் தொடங்கினாலே நம் நர்சரி வாசலில் ஒரே கேள்விதான்: "சாமந்தி இருக்கா?" பனிக்காலத்தில் வரிசை வரிசையாகப் பூத்து நின்றபோது கண்டும் காணாமல் போனவர்கள்கூடக் கோடையில் வந்து கேட்பீர்கள். எனக்கு அது நன்றாகப் புரியும். புழுக்கத்தில் புரண்டு புரண்டு படுக்கும் இரவில், போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்ட விடியற்காலைகள் மனதில் வந்து நிற்கும். ஒரு தொட்டிச் சாமந்தியைக் கொண்டுபோய் வைத்தால் அந்தக் குளிரில் கொஞ்சம் வீட்டுக்கு வந்த மாதிரி. அந்த ஏக்கத்துக்காகத்தான் இத்தனை வருடமாகக் கோடையிலும் பூக்க வைத்துக் கொடுத்தோம். இந்தக் கோடையிலிருந்து அதை நிறுத்துகிறோம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சாமந்தி பூப்பதற்கு முக்கியமாக வேண்டியது நீண்ட இரவு. குளிரடித்தால் மட்டும் அது மொட்டு வைத்துவிடாது. பகல் பொழுதின் அளவுக்கும் பூப்பதற்கும் உள்ள இந்தத் தொடர்பை 1920-இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னரும் அல்லார்டும் புகையிலைச் செடியை வைத்து எழுதினார்கள். செடி கணக்கில் வைப்பது இடையில் வெளிச்சம் படாத இருட்டை என்பது 1938-இல் ஹாம்னர், பானர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் செய்த சோதனையில் தெரிந்தது. கோடையில் இரவு குட்டை. அதனால் நாங்கள் மாலை 5 மணிக்குக் கருப்புத் துணியைப் போர்த்தி, மறுநாள் காலை 8 மணிக்கு எடுப்போம். மொட்டில் நிறம் தெரியும்வரை தினமும், வாரக்கணக்கில். ஒரு சாயங்காலம் விட்டுப்போனாலும் பூப்பது தள்ளிப்போகும். அடுத்தடுத்து விட்டால் மொட்டு கோணலாகி, இலையாகவே தழைக்கும்.

இந்த வேலையை 11 வருடம் ஒரு நாள் பிசகாமல் பார்த்தவர் எங்கள் பெரியண்ணன். வாடிக்கையாளர் நின்றுகொண்டிருந்தாலும் 5 மணி ஆனால், "செடி தூங்குற நேரம், கொஞ்சம் நகருங்க" என்று துணியை இழுக்க ஆரம்பித்துவிடுவார். முழங்கால் வலி தாங்காமல் மகன் வீட்டோடு போய்விட்டார். அவருக்குப் பிறகு இரண்டு பேரை வைத்துப் பார்த்தோம், நிலைக்கவில்லை. போன கோடையில் துணிக்குள் சூடு அடைந்து பல தொட்டிகளில் மொட்டு வைப்பதே தாமதமானது. இரவில் புழுக்கம் அதிகமானால் இருட்டு கிடைத்தும் சாமந்தி தயங்கும்.

இனி, மனதை மிகவும் வருத்திய விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் ஊசி போட்டுப் பூக்க வைக்கிறோம் என்றும், வீட்டுக்குக் கொண்டுபோனால் அது மலட்டுச் செடி என்றும் ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலர் என்னிடமே கேட்டுவிட்டீர்கள். கேட்காமல் மனதில் வைத்திருப்பவர்களுக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன். நாங்கள் எந்த ஊசியும் போட்டதில்லை. கொடுத்தது இருட்டு மட்டும்தான்.

கோடையில் எங்களிடம் பூவோடு வாங்கிய செடி, பனிக்காலத்தில் பூக்கவில்லை என்றுதான் புகார். அப்படிப் புகார் சொன்ன ஒரு வீட்டாரின் அனுமதியோடு அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். செடியை அருமையாக வளர்த்திருந்தார்கள்: நுனி கிள்ளியிருக்கிறது, மண் பொலபொலவென்று இருக்கிறது, ஒரு பூச்சி இல்லை. ஆனால் தொட்டி இருந்தது மதில் ஓரம், தெருவிளக்குக்கு நேர் கீழே. குனிந்து சுற்றிப் பார்த்தேன். விளக்கு படும் பக்கம் முழுக்க இலை. தொட்டியின் மறுபக்கம், மதில் நிழல் விழும் இடத்தில் இரண்டு கிளைகளில் மட்டும் மிளகளவு மொட்டுகள், பதினேழு. ஒரே செடி, ஒரே வேர்! ராத்திரி முழுக்க விளக்கு எரிந்தால் அந்தப் பக்கத்துக் கிளைகளுக்கு இன்னும் கோடைதான். தொட்டியைக் கொல்லைப்புறம் மாற்றி வைத்துவிட்டு வந்தேன். சில வாரம் கழித்து, அந்தப் பக்கமும் மொட்டு விட்டதென்று அவர்களே படம் அனுப்பினார்கள். பேச்சு போன தூரத்துக்கு அந்தப் படம் போகவில்லை.

ஆனாலும் தவறு எங்களிடமும் இருக்கிறது. உரம், தண்ணீர் எல்லாம் சொல்லிக் கொடுத்தோம். இரவில் விளக்கு படாத இடத்தில் வையுங்கள் என்று சொல்லவில்லை. இதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். இனி ஒவ்வொரு தொட்டியிலும் அதை எழுதிக் கட்டித் தருவோம்.

இந்தப் பேச்சுக்கு நடுவிலும் வழக்கம்போல வந்தவர்களை மறக்க மாட்டேன். பூக்காத தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "என்ன குறைன்னு பாருங்க" என்று உரிமையோடு கேட்டவர்கள், பெரியண்ணன் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தவர்கள், அம்மா வைத்த செடி பட்டுப்போகாமல் காப்பாற்ற வேண்டும் என்று வருடா வருடம் மண் மாற்ற வருபவர்கள்: நீங்கள் இருப்பதால்தான் காலையில் கதவைத் திறக்கிறேன். மனமார்ந்த நன்றி. கோடைச் சாமந்திக்கு முன்பணம் கட்டியவர்களுக்கு அதைச் செடியாகத்தான் ஈடுசெய்ய முடியும், ரசீதைக் கொண்டுவாருங்கள்.

பெரியண்ணனிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். "துணி வேண்டாம்ப்பா, ராத்திரி தானா வரும்" என்றார். ஜூன் 21 தாண்டிவிட்டது. இரவு நிமிடம் நிமிடமாக நீண்டுகொண்டிருக்கிறது. வேர் பிடித்த கன்றுகளைத் தொட்டிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். இப்போதே ஒன்றைக் கொண்டுபோய் வளர்க்கலாம். வெறும் இலைதான் இருக்கும். நுனி கிள்ளுவது எப்படி என்று வந்தால் கையோடு காட்டித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நர்சரிக்காரர்