செஷயர் குண்டு போடவில்லை, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பிரிட்டிஷ் விமானப்படை வீரர் லெனார்ட் செஷயர் பெயரைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ‘நாகசாகியில் அணுகுண்டு வீசிய பாவம் உறுத்தியதால் சேவைக்கு வந்த விமானி’ என்று முதல் வரி. பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

குண்டு போட்டது அமெரிக்க விமானம். செஷயர் பிரிட்டன் அனுப்பிய பார்வையாளர். வேறொரு விமானத்தில், பல மைல் தள்ளி இருந்தார். போரை முடித்துவைத்தது அந்தக் குண்டுதான் என்று பிற்பாடும் சொல்லிவந்தவர். அதை என்னாலேயே முழுசாக ஏற்க முடியவில்லை. அதற்காக, அவர் கேட்காத பாவமன்னிப்பை அவர் வாயில் வைக்கலாமா?

நடந்தது வேறு. 1948இல் அவரிடம் இருந்தது லீ கோர்ட் என்ற பழைய பெரிய வீடும், தலைக்கு மேல் கடனும். ஆர்தர் டைக்ஸ் என்ற முன்னாள் விமானப்படைக்காரர் புற்றுநோய் முற்றிப் போக்கிடம் இல்லாமல் கிடந்தார். அவரை அழைத்துவந்து, தன் கையாலேயே உடம்பு துடைத்து, சாகும்வரை பார்த்துக்கொண்டார் செஷயர். நூறு முறை குண்டுவீச்சுக்குப் பறந்து பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கிய மனிதர்! ஊனமுற்றோரையும் தீராத நோயாளிகளையும் பராமரிக்கும் செஷயர் இல்லங்களுக்கு அதுதான் தொடக்கம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அவருடைய விசுவாசத்தைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. பம்பாயில் அவர் தொடங்கிய இல்லமும் இல்லை. டேராடூனில் மனைவி சூ ரைடர் அம்மையாரோடு சேர்ந்து தொழுநோயாளிகளுக்காக ஏற்படுத்திய ராஃபேல் இல்லமும் இல்லை.

என் சித்தப்பா மகன் தண்டுவடத்தில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் செஷயர் இல்லம் ஒன்றில் பதினோரு வருஷம் இருந்தான். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். வீட்டில் எங்களால் அது ஒரு மாதம்கூட முடியவில்லை. அங்கே ராத்திரியிலும் தவறாமல் செய்தார்கள். பட்டாளத்தில் இருபத்துநான்கு வருஷம் இருந்த நான், கட்டுப்பாடு என்றால் என்னவென்று அங்கேதான் பார்த்தேன்.

பட்டாளத்துக்காரர்களைப் பற்றிக் கொடி நாளன்று, டிசம்பர் 7ஆம் தேதி, ஒரு படம் போடுகிறீர்கள், நன்றி. மற்ற நாளில் எங்களைப் பற்றி எழுத ஒன்று சண்டை வேண்டும், இல்லையென்றால் உறுத்தல் வேண்டும். எங்கள் ஊரில் ஒரு ஹவில்தார் பென்ஷனில் வந்தபிறகு முப்பது வருஷம் கோயில் மணி அடித்தார். அனாதைப் பிணம் என்றால் முதல் ஆளாக மண்வெட்டியோடு போவார். அவர் இறந்தபோது உங்கள் நிருபருக்குப் போன் செய்தேன். “மெடல் ஏதாவது வாங்கியிருக்காரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். செய்தி வரவில்லை. அப்போது எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை. பட்டாளத்தான் கும்பிட்டால் அது பயத்தாலோ பாவத்தாலோதான் என்று யார் முடிவு கட்டியது? தாங்கள் அறியாததல்ல, அதனால்தான் மனசு ஆறவில்லை.

நான் கேட்பது இரண்டே வரித் திருத்தம், வரும் ஞாயிறு, அதே பக்கத்தில். என் சித்தப்பா மகன் இருந்த அந்த இல்லத்தில் இப்போதிருப்பவர்கள் கட்டுரையை வெட்டிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள், அறிவிப்புப் பலகையில் ஒட்ட. திருத்தம் வந்ததும் இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போகலாம் என்று காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்