பழைய ஆட்டங்களை விற்பனையில் விடுங்கள்: கால்பந்து வீடியோ கேம் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இஏ ஸ்போர்ட்ஸ், கோனாமி நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

2023 செப்டம்பரில், ஃபிஃபா வரிசைக்கு மாற்றாக இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24 வெளிவந்த அதே மாதத்தில், ஃபிஃபா 23உம் அதற்கு முந்தைய ஃபிஃபா ஆட்டங்களும் இணையக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. 1993இல் தொடங்கி, 2021க்குள்ளாகவே 32 கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்றுத் தீர்ந்த ஒரு வரிசை, ஃபிஃபா அமைப்புடனான ஒப்பந்தம் முடிந்ததும் காசு கொடுத்தாலும் இணையத்தில் வாங்க முடியாத பொருளாகிவிட்டது. 2021இல் இஃபுட்பால் என்று பெயர் மாறிய கோனாமியின் ப்ரோ எவல்யூஷன் சாக்கர் வரிசையின் பழைய ஆட்டங்களுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். உங்கள் இருவரிடமும் நான் வைப்பது ஒரே கோரிக்கை. உரிமம் முடிந்துபோனால், உரிமத்துக்கு உட்பட்ட பெயர்களையும் சின்னங்களையும் எடுத்துவிட்டு ஆட்டத்தை விற்பனையில் விடுங்கள்; சர்வரை மூடும்போது, இணையம் இல்லாமல் ஆடும் வழியையும் ஆட்டத்தைத் திருத்திக்கொள்ளும் வசதியையும் ஆட்டக்காரர் கையில் கொடுத்துவிட்டு மூடுங்கள்.

பெயரை எடுத்துவிட்டால் யார் வாங்குவார்கள் என்று கேட்பீர்கள். இதற்கான விடை கோனாமியின் பழைய ஆட்டங்களிலேயே இருக்கிறது. ப்ரோ எவல்யூஷன் வரிசையில் பெரும்பாலான இங்கிலாந்து அணிகளுக்கு ஒருகாலத்திலும் முறையான உரிமம் இருந்ததில்லை. லிவர்பூல் அங்கே மெர்சிசைட் ரெட். ராபர்டோ கார்லோஸ் ஒரு பதிப்பில் ராபர்டோ லார்கோஸ். ஓர் அணியைப் பல பருவங்கள் நடத்திச் செல்லும் மாஸ்டர் லீக் என்ற பகுதியைத் தொடங்கினால் கிடைக்கும் வீரர்களோ எந்த நாட்டிலும் பிறக்காதவர்கள். ஆனாலும் காஸ்டோலோ, மினாண்டா என்ற அந்தக் கற்பனை வீரர்களின் பெயரை, உண்மையான வீரர்கள் பலரின் பெயரை மறந்துவிட்டவர்கள்கூட இன்றும் சட்டென்று சொல்வார்கள். 2006இல் வந்த ஆறாம் பதிப்பில் இன்டர் மிலானின் அட்ரியானோ இடது காலால் தொலைவிலிருந்து ஓங்கி அடித்தால் கோல்கீப்பரால் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும். இன்டரை யாரும் எடுக்கக் கூடாது என்று நண்பர்கள் தங்களுக்குள் சட்டம் போட்டுக்கொண்டதற்கு இதுவே காரணம். ஆட்டம் பிடித்துப்போனதற்கு அந்த உதையின் கனமும் பந்து உருளும் விதமும் காரணமே தவிர, சட்டையில் தைத்திருந்த சின்னம் அல்ல.

சின்னம் வேண்டும் என்று விரும்பியவர்கள் தாங்களே வரைந்துகொண்டார்கள். திருத்தும் திரைக்குப் போய், கன்ட்ரோலரின் அம்புக்குறிகளைத் தட்டித் தட்டித் திரையில் தெரியும் எழுத்துப் பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பிடித்து ஓர் அணியின் பெயர்களை மாற்றி முடிப்பதற்குள் பொழுது போய்விடும். பிறகு ஜெர்சியின் நிறம், கழுத்துப்பட்டையின் வடிவம், தலைமுடி, காலணி. இத்தனையும் 8 எம்பி கொள்ளளவுள்ள ஒரு மெமரி கார்டில் அடங்கும். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போனால், அவனும் அதே அணிகளோடு ஆடலாம். திருத்திய பெயர்களும் சின்னங்களும் அடங்கிய கோப்பாக, ஆப்ஷன் ஃபைல் என்று இன்று பரிமாறப்படுவதெல்லாம் இந்த உழைப்பின் தொடர்ச்சியே. இப்படி ஒருவர் தன் பொழுதைப் போட்டுச் செப்பனிட்ட ஆட்டத்தை, அடுத்த ஆண்டுப் பதிப்பு வந்துவிட்டது என்பதற்காக எளிதில் கைவிட மாட்டார். கால்பந்து கேம்கள் இவ்வளவு காலம் நிலைத்திருப்பதற்கு உங்கள் ஆண்டுப் பதிப்புகளைக் காட்டிலும் இந்தப் பழக்கமே பெரிய காரணம் என்பது என் கருத்து.

பிரேசிலைப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 2க்கு வந்த கோனாமி ஆட்டத்தை அடித்தளமாகக் கொண்டு, உள்ளூர்க் கிளப்புகளையும் உள்ளூர் வர்ணனையையும் சேர்த்து ரசிகர்கள் உருவாக்கிய பாம்பா பேட்ச் என்ற திருத்தப் பதிப்பு, அந்தக் கருவியின் தயாரிப்பே நின்றுபோன பிறகும் புதிய வீரர் பட்டியல்களோடு வந்துகொண்டிருந்தது. 1990களில் அமிகா கணினிக்கு வந்த சென்சிபிள் வேர்ல்டு ஆஃப் சாக்கருக்கும் இன்றைய அணிகளைச் சேர்த்துத் தருபவர்கள் இருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது, மேலாளராக இருந்து ஓர் அணியை நடத்தும் ஆட்டமான சாம்பியன்ஷிப் மேனேஜர் 01/02. அதன் வெளியீட்டாளரான ஐடோஸ், 2008இல் அந்த ஆட்டத்தை யாரும் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. அதனால் ஐடோஸ் நட்டப்பட்டதாகத் தெரியவில்லை. ஆட்டம் மட்டும் பிழைத்துக்கொண்டது. ரசிகர்கள் புதிய வீரர் பட்டியல்களைத் தயாரித்து அதில் ஏற்றி வருகிறார்கள். அந்த ஆட்டத்தில் எந்த அணியில் சேர்த்தாலும் கோல் மழை பொழிந்தவர் பெலாருஸ் வீரர் மாக்சிம் சிகால்கோ. நிஜ வாழ்க்கையில் காயங்களால் 26 வயதிலேயே ஓய்வுபெற்ற அவர், 2020 டிசம்பரில் 37 வயதில் இறந்தபோது, அவர் ஆடிய ஒரு போட்டியைக்கூடப் பார்த்திராதவர்கள் பல நாடுகளிலிருந்தும் அஞ்சலி செலுத்தினார்கள். நட்சத்திர வீரர்களின் முகங்களுக்காக நீங்கள் எத்தனை கோடி செலவிட்டாலும் இப்படி ஓர் உறவை விலைக்கு வாங்கிவிட முடியாது.

உங்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வீரர்களின் பெயர், கிளப்புகள், லீகுகள், மைதானங்கள், பின்னணிப் பாடல்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒப்பந்தம் உண்டு என்பதும், எல்லாவற்றையும் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டிருக்க முடியாது என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் புதுப்பிக்கச் சொல்லி நான் கேட்கவில்லையே. நீக்கிவிட்டு விற்கச் சொல்கிறேன். அதற்கும் வேலை உண்டு, செலவு உண்டு. ஆயினும் புதிதாக ஓர் ஆட்டத்தை உருவாக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது எம்மாத்திரம்?

வெளியே சொல்லப்படாத காரணம் வேறு என்று நினைக்கிறேன். 2009இல் ஃபிஃபா 09க்கு இணைப்பாக வந்த, வீரர்களைச் சேகரித்துச் சொந்த அணி அமைக்கும் அல்டிமேட் டீம், இன்று இஏவின் பெரும் வருவாய்க்கு ஊற்று. யார் கிடைப்பார் என்று முன்கூட்டியே தெரியாமல் பணம் கொடுத்துத் திறக்கும் பேக்குகளில் வந்த வீரர்கள் அடுத்த ஆண்டுப் பதிப்புக்கு உடன் வருவதில்லை. எல்லோரும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெல்ஜியத்தில் அதிகாரிகள் இவ்வகைப் பேக்குகளைச் சூதாட்டம் என்று கருதியதால், 2019 ஜனவரியில் அங்கே பேக்குகளை வாங்கப் பயன்படும் ஃபிஃபா பாயின்ட்ஸ் விற்பனையை இஏ நிறுத்த வேண்டிவந்தது. இந்த வியாபாரத்தில் பழைய பதிப்பிலேயே தங்கிவிடும் ஆட்டக்காரரால் ஒரு பயனும் இல்லை. உங்கள் கணக்கு அப்படியிருக்கலாம். ஆனால் பழைய கணினியில் ஆடுகிறவரும் இணையம் சரியாகக் கிடைக்காத ஊரில் இருக்கிறவரும் புதிய பதிப்பை எப்படியும் வாங்கப்போவதில்லை. அவரிடமிருந்து வரக்கூடிய சிறு தொகையையும் நீங்களே வேண்டாம் என்கிறீர்கள்.

சென்னை பர்மா பஜாரில் கால்பந்து டிஸ்க் வாங்கி ஆடிய ஒரு தலைமுறை இங்கே உண்டு. அவற்றில் பெரும்பாலானவை திருட்டுப் பிரதிகள் என்பதை மறைக்கவோ, அதை நியாயப்படுத்தவோ நான் வரவில்லை. அன்று பலரிடம் அசலுக்குக் கொடுக்கப் பணமில்லை. இன்று அதே ஆட்களுக்கு வேலை இருக்கிறது, வருமானம் இருக்கிறது, பழைய ஆட்டத்தை முறையாக வாங்கிப் பிள்ளைகளோடு ஆட வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. வாங்கத்தான் கடை இல்லை. விற்க மறுத்துவிட்டுத் திருட்டைப் பற்றிப் பேசினால் யார் காதில் ஏறும்?

இந்தக் குறை கால்பந்துக்கு மட்டும் உரியதல்ல. 2024இல் தி க்ரூ என்ற கார் பந்தய ஆட்டத்தின் சர்வர் மூடப்பட்டதையடுத்து எழுந்த, விற்ற ஆட்டங்களை ஆட முடியாதபடி முடக்கக் கூடாது என்று கோரும் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. சட்டம் வந்து கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்காமல் நீங்களே முன்வந்து செய்வது மரியாதையாக இருக்கும்.

தொடக்கமாக இரண்டே ஆட்டங்களைச் சொல்கிறேன். கோனாமி, ப்ரோ எவல்யூஷன் சாக்கர் 6ஐத் திருத்தும் வசதியோடு மறுபடி வெளியிடட்டும். இஏ, 1997இல் வெளியிட்ட ஃபிஃபா 98ஐ வேறு பெயரில் கொண்டுவரட்டும். 172 தேசிய அணிகள் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்தே ஆடிய அந்த ஆட்டத்தில் நாடுகளின் பெயர்கள் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். தொடக்கத்தில் ஒலிக்கும் பிளர் இசைக்குழுவின் பாடல் இல்லாமல் போனால் எங்களுக்கு வருத்தம்தான், பொறுத்துக்கொள்வோம். விலையை நீங்களே முடிவு செய்யுங்கள். புதிய பதிப்பை அறிவிக்கும் அதே நாளில் இவ்விரண்டைப் பற்றியும் ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டங்களின் நெடுநாள் ரசிகன்