எங்கள் பாப்பாவுக்காகக் கண்விழித்த எல்லோருக்கும்

வணக்கம். காசிமேட்டில் எங்கள் தெருவில் இருப்பவர்களுக்கு இந்த மடல் எதற்கென்று சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகளுக்கு இரண்டு வயது முடிகிறது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் ஏழாம் மாதமே பிறந்தவள், ஒரு கிலோகூட இல்லை. நுரையீரல் முற்றாததால் மாதக்கணக்கில் வென்டிலேட்டரில் இருந்தாள். வாய்வழியாகப் போட்ட அந்தக் குழாயாலேயே தொண்டைக்குக் கீழே மூச்சுப்பாதை சுருங்கிப்போய், கடைசியில் கழுத்தில் துளை போட்டு டிரக்கியாஸ்டமி குழாய் வைத்து, ஆக்சிஜனோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இந்தக் குழாய் வைத்த குழந்தை அழுதால் சத்தம் வராது. மூச்சு குரல் நாணுக்குக் கீழேயே வெளியே போய்விடும். முகம் சிவந்து, வாய் திறந்து, கண்ணீர் வழிய அழுவாள், அடுப்படியில் நிற்கிற எனக்கு ஒன்றும் கேட்காது. சளி அடைத்தாலும் அப்படித்தான், கூப்பிட அவளுக்கு வழியில்லை. அதனால் ராத்திரி பகல் எந்நேரமும் யாராவது ஒருத்தர் அவளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் லாஞ்சில் போகிறவர், கடலுக்குப் போனால் திரும்ப நாளாகும். நீங்கள் எல்லோரும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கக்கூட எனக்குத் தைரியமில்லை.

முதலில் அடுத்த தெரு சிஸ்டர் அம்மா. அரசு ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர், எங்களுக்குச் சொந்தமும் இல்லை. ஒரு ஏஜென்சிக்காரர் ஸ்டாஃப் நர்ஸ் என்று சொல்லி அனுப்பிய பெண்ணுக்கு சக்‌ஷன் டியூபை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியவில்லை. பாவம், அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதைக் கேள்விப்பட்டு அன்று சாயந்திரமே சிஸ்டர் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நேரே குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். சளியை உறிஞ்சும்போது டியூபை எவ்வளவு தூரம் விட வேண்டும், ஏன் அதற்கு மேல் ஒரு துளிகூடப் போகக் கூடாது, கழுத்து நாடாவுக்கும் தோலுக்கும் நடுவில் ஏன் ஒரு விரல் நுழைய இடம் வேண்டும், எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். "டியூபை உள்ளே விடும்போது நீயும் மூச்சை அடக்கிக்கோ, உனக்கு முட்டினா குழந்தைக்கும் முட்டுதுன்னு அர்த்தம், உடனே வெளியே எடு" என்றார். இன்றைக்கும் என் கை டியூபை எடுத்தால் மூச்சு தானாக நின்றுவிடுகிறது.

ஆயா என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் வீட்டுப் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு பொம்மையின் கழுத்தில் ஓட்டை போட்டு அவருக்கும் பழக்கிவிட்டார் சிஸ்டர் அம்மா. எமர்ஜென்சிப் பையில் அதே சைஸ் குழாய் ஒன்று, ஒரு சைஸ் சின்னது ஒன்று, கத்தரிக்கோல், நாடா, சலைன், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற அம்பு பை எல்லாம் இருக்கிறதா என்று காலையில் ஆயாதான் தொட்டுத் தொட்டு எண்ணுவார். குளிப்பாட்டினால் சாம்பிராணி காட்டாமல் ஒரு குழந்தையை வளர்த்தவர் இல்லை அவர், பாப்பாவுக்குப் புகை ஆகாது என்றதும் தூபக்காலை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார்.

அப்புறம் நைட் டியூட்டி சிஸ்டர். திருவண்ணாமலைப் பக்கம் சொந்த ஊர், வியாசர்பாடியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். ராத்திரி எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை. ஒரு மழைக்காலத்து ராத்திரி கரண்ட் போன நேரத்தில் சளி இறுகிக் குழாய் அடைத்துக்கொண்டது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரில் எண் இறங்கிக்கொண்டே வருகிறது, குழந்தையின் உதடு நீலம். நான் செல்போன் டார்ச்சைப் பிடித்தபடி கை நடுங்க நிற்கிறேன், அவர் ஒரு வார்த்தை பேசாமல் நாடாவை வெட்டி, பழைய குழாயை எடுத்து, புதியதைச் சொருகிவிட்டார். எண் ஏறிய பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். சிஸ்டர், அந்த ராத்திரியைப் பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை. இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், என் பிள்ளை உயிர் நீங்கள் கொடுத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் எங்கள் வீட்டில் வருமானம் கிடையாது. அந்தச் சம்பளத்தையும் "லாஞ்ச் போன பிறகு வாங்கிக்கறேன் அக்கா" என்று விட்டுவிட்டீர்கள்.

பெரம்பூரில் ஒரு குடும்பம், 2021 கொரோனா இரண்டாம் அலையில் அப்பாவுக்காக வாங்கிய, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷினை எங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. அவர் பிழைக்கவில்லை. அவர் மகன் மெஷினைத் துடைத்து, ஃபில்டர் மாற்றி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தானே வந்து மாட்டிவிட்டுப் போனார், ஒரு டீகூடக் குடிக்கவில்லை.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், பாப்பா வீட்டுக்கு வந்த புதிது. கரண்ட் போனது போனதுதான், தெருவில் தண்ணீர். ஆக்சிஜனுக்கு சிலிண்டர் இருந்தது, சக்‌ஷன் மெஷினுக்கு என்ன செய்வது? காலால் மிதிக்கிற பம்ப்பை வைத்து நானும் ஆயாவும் மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தோம். கரையில் கட்டிக் கிடந்த லாஞ்சிலிருந்து பேட்டரியைக் கழற்றி, தலைமேல் வைத்து இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து, இன்வெர்ட்டரில் மாட்டிக் கொடுத்தார்கள் நம் தம்பிகள். சார்ஜ் இறங்க இறங்க அடுத்த பேட்டரி வந்தது. யார் யார் தூக்கினீர்கள் என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது, இருட்டில் முகம் பார்க்க முடியவில்லை. உங்கள் எல்லோருக்கும்தான் இது.

பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் முன்னால் மறக்காமல் போன் பண்ணும் லைன்மேன் அண்ணனுக்கும், கன்டெய்னர் லாரி வரிசையில் சந்து கண்டுபிடித்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி. எதிர் வீட்டு அக்கா விடியற்காலை மீன் ஏலத்துக்குக் கூடையோடு கிளம்பும்போது ஜன்னலில் எட்டிப் பார்த்து, "போய் கொஞ்சம் கண்ணை மூடு, நான் நிக்கிறேன்" என்று சொல்வார். அந்தக் கொஞ்ச நேரத் தூக்கத்துக்கு நான் என்ன கொடுக்க முடியும்? போகிக்கு நம் தெருவில் பிள்ளைகள் மேளம் மட்டும் அடித்தார்கள், ஒரு பழைய பாயைக்கூட எரிக்கவில்லை. கொசுவத்தியை விட்டுவிட்டு வலைக்கு மாறிய வீடுகள் எத்தனை!

இப்போது குழாயைச் சுற்றிக் காற்று மேலே போக வழி வந்திருப்பதால் டாக்டர் பகலில் கொஞ்ச நேரம், யாராவது பக்கத்தில் இருந்தால் மட்டும், ஸ்பீக்கிங் வால்வ் போட அனுமதித்திருக்கிறார். உள்ளே இழுக்கும் காற்று குழாய் வழியாகப் போகும், வெளியே வரும் காற்று தொண்டை வழியாக வரும். முதல் நாள் தன் சத்தத்தைத் தானே கேட்டுப் பயந்து அழுதாள், அது எங்களுக்குக் கேட்டது, ஆயா ஓடிப்போய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். கரகரத்த சின்னக் குரல். இப்போது "ஆயா" என்று சொல்கிறாள். என்னை இன்னும் கூப்பிடவில்லை, பரவாயில்லை.

குழாய் இன்னும் இருக்கிறது, எடுப்பதைப் பற்றி அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார்கள். சரி, பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிறு சாயந்திரம் தெருவிலேயே பந்தல் போடுகிறோம், எல்லோரும் வர வேண்டும். பட்டாசு, சென்ட், பவுடர் வேண்டாம். சளி, காய்ச்சல் இருப்பவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள், பிரியாணி உங்கள் வீடு தேடி வரும். நைட் டியூட்டி சிஸ்டருக்கு இப்போது அரசு வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். சிஸ்டர், எந்த பஸ் கிடைத்தாலும் ஏறி வாருங்கள், எவ்வளவு நேரமானாலும் நீங்கள் வந்த பிறகுதான் கேக் வெட்டுவோம்.