எர்த் ஒயரைக் கழற்றிவிடாதே, செல்வா

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு மதுரையிலேயே வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறேன். அதையெல்லாம் நேரில் பேசலாம். நீ எழுதிய ஒரு விஷயம்தான் மனதை உறுத்துகிறது. லேத்தை (கடைசல் மெஷினை) போட்டதும் வீடு முழுக்கக் கரண்ட் போகிறது, எலக்ட்ரீஷியன் எர்த் ஒயரைக் கழற்றிவிடலாம் என்கிறார் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதே.

கழற்றினால் டிரிப் நிற்கும்தான். ஆனால் மெஷினிலிருந்து கரண்ட் கசிவது நிற்காது, அது போகிற வழிதான் அடைபடும். அப்புறம் லேத்தின் பாடியில் கரண்ட் நிற்கும். ஈரத் தரையில் நின்றுகொண்டு நீ கைப்பிடியைத் தொட்டால் உன் உடம்பு வழியாக இறங்கும்.

விழுவது அளவுக்கு மீறி கரண்ட் இழுத்தால் துண்டிக்கும் எம்சிபியா, கசிவு இருந்தால் துண்டிக்கும், டெஸ்ட் பட்டன் உள்ள ஆர்சிசிபியா என்று முதலில் பார். எம்சிபி என்றால், மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுப்பது காரணமாக இருக்கலாம். பி வகை எம்சிபி அதில் எழுதிய ஆம்பியரைப் போல 3 முதல் 5 மடங்குக்குள் விழுந்துவிடும், சி வகை 5 முதல் 10 மடங்கு. அதே ஆம்பியரில் சி வகை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வீடு முழுக்கப் போகிறது என்பதால் உனக்கு ஆர்சிசிபிதான் விழுகிறது என்று நினைக்கிறேன். ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்றுதான் அது பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் 15-ஐத் தாண்டினாலே விழ அதற்கு அனுமதி உண்டு. எந்த நேரத்தில் விழுகிறது என்பதைக் கவனி. சுவிட்சே போடாமல், பிளக்கைச் செருகியதும் விழுந்தால் பெரும்பாலும் உள்ளே எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. நம் பிளக் பாயிண்ட் சுவிட்ச் ஃபேஸை மட்டும்தானே துண்டிக்கிறது. கேபிள் நசுங்கிய இடம், ஃபார்வர்டு-ரிவர்ஸ் சுவிட்சுக்குள் விழுந்த இரும்புச் சுருள், இரண்டையும் தேடு. மழைக்காலத்தில் சும்மா கிடந்த மோட்டார் என்றால் ஈரம் ஏறியிருக்கும். இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் மீட்டரில் வைண்டிங் கம்பிச் சுருளுக்கும் பாடிக்கும் இடையே 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஓட்டாதே, நன்றாக உலர்த்திவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

மூன்று ஃபேஸ் மோட்டாருக்காக, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி மாட்டினாயே, என் சந்தேகமெல்லாம் அதன் மேல்தான். அதன் ஃபில்டரில் எர்த்துக்குப் போகிற கப்பாசிட்டர்கள் உண்டு. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 0.1 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றே 7 மில்லி ஆம்பியர் கசியவிடும். இது பழுது இல்லை, அதன் இயல்பு. அதோடு வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் எல்லாம் அதே ஆர்சிசிபியில் ஆளுக்குக் கொஞ்சம் கசியவிட்டால் 15 எட்டிவிடும். அதனால் பட்டறைக்குத் தனி லைனும் தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போட்டுவிடு. செலவைப் பார்க்காதே. வாங்கும்போது வகையையும் பார்த்து வாங்கு. முகப்பில் அலைக்குறி மட்டும் இருந்தால் அது ஏசி வகை, விஎஃப்டிக்கு அது போதாது. எந்த வகை என்று விஎஃப்டியின் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள்.

மெக்கர் வைக்கும் முன் விஎஃப்டியிலிருந்து மோட்டார் ஒயர்களைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் விஎஃப்டி போய்விடும். மெயினை அணைத்தாலும் உள்ளே சார்ஜ் கொஞ்ச நேரம் நிற்கும், உடனே கை வைக்காதே.

என் மெக்கரை எடுத்துக்கொண்டு பொங்கல் கழிந்ததும் வருகிறேன், சேர்ந்தே பார்ப்போம். அதுவரை லேத் பிளக்கைக் கழற்றியே வை. ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்தி, விழுகிறதா என்று எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு