மெட்டு இழந்த கீர்த்தனைகளுக்குப் புது மெட்டு: நன்கொடை வேண்டுகோள்

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

கீர்த்தனைப் புத்தகத்தில் விரல் பட்டுக் கறுத்த பக்கங்கள் கொஞ்சம்தான். மீதி அச்சடித்த அன்று போலவே வெள்ளையாக இருக்கும். அந்தப் பாட்டுகள் மோசமானவை என்பதால் அல்ல. தலைப்பில் ராகம், தாளம் போட்டிருக்கும், ஸ்வரம் இருக்காது. சிலவற்றில் வேறொரு பாட்டின் முதலடியைக் கொடுத்து ‘என்ற மெட்டு’ என்று விட்டிருப்பார்கள். அந்த மூலப் பாட்டே இன்று யாருக்கும் தெரியாது. அமெரிக்கன் மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்தபோது, பல கீர்த்தனைகளை இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) உயிரோடு இருந்தார். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருந்தது. இப்போது இல்லை.

இப்படி மெட்டு அறுந்துபோன 12 பாட்டுகளுக்குப் புது மெட்டு போட இறங்கியிருக்கிறோம். அவற்றில் எட்டுப் பாட்டுகள் சாஸ்திரியாருடையவை. நான்கு, கிறிஸ்தவக் கவிஞர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் (1827–1900) விருத்தங்கள். பழைய மெட்டு எங்காவது ஒரு சபையில் உயிரோடு இருந்தால் அந்தப் பாட்டைத் தொடமாட்டோம். நல்ல மெட்டின்மேல் கிடார் பூசுவது எங்கள் வேலையல்ல.

பணம் எதற்கு என்று புரிய, வேலை எங்கே சிக்குகிறது என்று சொல்லவேண்டும்.

முதலில் சுருதி. கச்சேரிப் பழக்கத்தில் மெட்டு போடுகிறவர்கள் அனுபல்லவியை (பல்லவிக்கு அடுத்த பகுதியை) மேல் ஸ்தாயியின் காந்தாரம் (க), மத்திமம் (ம) வரை கொண்டுபோவார்கள். மேடையில் அழகு, ஆராதனையில் ஆண்கள் வரிசை அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளும். எனவே சுருதி இரண்டு கட்டை (கீபோர்டில் D), கீழ்ப் பஞ்சமத்திலிருந்து (ப) மேல் ஸட்ஜம் (ஸ) வரை, தவிர்க்க முடியாவிட்டால் மேல் ரிஷபம் (ரி) என்று வரம்பு வைத்திருக்கிறோம்.

அடுத்தது குறில், நெடில். குறில் எழுத்தில் நீண்ட ஸ்வரத்தை நிறுத்தினால் ‘பலன் தருவார்’ என்பது ‘பாலன் தருவார்’ என்று கேட்கும். பாடுகிறவருக்குத் தெரியாது, கடைசி பெஞ்சில் இருப்பவருக்குத் தெரியும். முதல் சரணத்துக்கு மட்டும் மெட்டு கட்டி மற்ற சரணங்களை அதில் திணித்தால் இந்தக் கோளாறு கட்டாயம் வரும். ஆகவே எல்லாச் சரணத்தையும் அசை பிரித்து எழுதி, நீட்டல் விழும் இடங்களில் நெடிலோ, இழுத்தால் கெடாத மெல்லினமோ இருக்கிறதா என்று பார்த்த பிறகே மெட்டை ஏற்கிறோம். சொல்லை மாற்றுவதில்லை; மெட்டுத்தான் வளையவேண்டும்.

ராகத் தேர்வில் கீபோர்டை மறக்க முடியாது. நம் ஆலயங்களில் பெரும்பாலும் இருப்பது அதுதான். தோடி ராகத்தை அதில் கமகமில்லாமல், அதாவது ஸ்வரங்களை அசைக்காமல், வாசித்தால் தோடியாக இருக்காது. பஞ்சமத்தின் மேல் கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) பிடித்தாலும் ஒட்டாது. மோகனம், ஹரிகாம்போதி, நடபைரவி, சங்கராபரணம் தாங்கும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிச்ர சாபு தாளத்தில் அமைந்த பாட்டுக்கு இன்னொரு தொல்லை: கீபோர்டில் ஏற்கெனவே இருக்கும் ரிதம் பெரும்பாலும் நான்கு அல்லது மூன்று எண்ணிக்கை. வாசிப்பவர் ஏழு எண்ணிக்கையை எட்டாக்கிவிடுவார், ஒவ்வொரு அடியின் கடைசியிலும் ஓர் ஓட்டை விழும். ஏழெண்ணிக்கைத் தாளத்தைத் தனிக் கோப்பாகவே பதிவுசெய்து தரப்போகிறோம்.

விருத்தம் நான்கடிச் செய்யுள், அதற்குப் பல்லவி கிடையாது. சபையார் திரும்பப் பாட ஓர் அடி வேண்டும். புதிதாக எழுதிச் சேர்க்க எங்களுக்கு உரிமையும் இல்லை, துணிச்சலும் இல்லை. முதல் செய்யுளின் ஈற்றடியையே பல்லவியாக எடுக்கிறோம்.

கடைசிச் சோதனை, வாத்தியம் இல்லாமல் ஒரு கிராமச் சபையில் பாடவைப்பது. மூன்றாம் சரணத்துக்குள் சபையார் சேர்ந்து பாடாவிட்டால் மெட்டு திரும்பிப்போகும். (கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இந்தச் சோதனையின் அருமை தெரியும்.)

பாட்டெழுதியவர் காலமாகி 60 ஆண்டு கடந்தால் நம் நாட்டுச் சட்டப்படி வரிகளுக்குக் காப்புரிமை இல்லை. புது மெட்டுக்கு உண்டு. சபைகள் பாடவும், நகலெடுக்கவும், நேரலையில் ஒளிபரப்பவும் கட்டணம் கேட்கக் கூடாது என்று மெட்டமைப்பவரிடம் எழுதி வாங்குகிறோம். அதை விட்டால் நாளைக்கு நம் ஆராதனை நேரலைக்கே யூடியூபில் உரிமைக்கோரல் வரும்.

செலவு: ஒரு பாட்டுக்கு மெட்டமைப்பவர் மதிப்பூதியம் ₹6,000, ஸ்டுடியோ எட்டு மணி நேரம் ₹4,800, பிடில், புல்லாங்குழல், தபேலா வாசிப்பவர்களுக்கு ₹7,500, மிக்ஸிங் ₹3,500, ஆக ₹21,800. பன்னிரண்டுக்கும் ₹2,61,600. ஸ்வரமும் கார்டும் சேர்த்து 64 பக்கப் புத்தகம் 1,000 பிரதி ₹45,000. பாடகர் குழுத் தலைவர்களுக்கு நான்கு பயிற்சி முகாம் ₹40,000. மொத்தம் ₹3,46,600. கையில் ₹1,10,000 இருக்கிறது. இன்னும் ₹2,36,600 வேண்டும். முகாமைக் குறைத்தால் மிச்சமாகும்தான், ஆனால் சொல்லிக்கொடுக்காத புத்தகம் மறுபடியும் அலமாரிக்கே போகும். அதனால் குறைக்கமாட்டோம்.

குடும்பமாகவோ, பெண்கள் ஐக்கிய சங்கமாகவோ ஒரு பாட்டை முழுவதும் ஏற்கலாம்; ₹100 கொடுத்தாலும் ரசீது உண்டு. காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ நல்லது. ரொக்கத்தை ரசீதில்லாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். 80ஜி வரிச்சலுகை எங்களுக்கு இல்லை. வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எப்.சி.ஆர்.ஏ. பதிவும் இல்லை, ஆகவே வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் பணம் வாங்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலைசெய்கிறவர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். கணக்கு விவரமும் 12 பாட்டுகளின் பட்டியலும் ஆலய அலுவலகத்தில் கிடைக்கும்.

பணம் தர வசதியில்லாதவர்களிடம் வேறொன்று கேட்கிறோம். பட்டியலில் உள்ள பாட்டு எதையாவது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுத்தால் போனில் பதிவுசெய்யுங்கள். சுருதிப் பெட்டி வேண்டாம், குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். பாடியவர் ஊரையும் எந்தச் சபையில் கற்றார் என்பதையும் பதிவின் முடிவில் சொல்லச் சொல்லுங்கள். அப்படி ஒரு மெட்டு கிடைத்துவிட்டால் அந்தப் பாட்டின் ₹6,000 மதிப்பூதியம் செலவாகாது. அதைப் பயிற்சி முகாமுக்குத் திருப்புவோம்.

கர்த்தருடைய பணியில்,
கீர்த்தனை மெட்டமைப்புக் குழுவினர்